சுத்தக் கம்பளிப் பெருமை

சிம்லா வந்த புதுசுல, "நைலான் கலந்தா அது கம்பளியே இல்லை"ன்னு ஆபீஸ் நண்பர் சொன்னதை நம்பி, கையால சாயம் போட்ட சுத்த மெரினோ நூல்ல அப்பாவுக்கு சாக்ஸ் பின்னினேன். ரெண்டே மாசம், குதிகால்ல ஓட்டை! மனுஷன் ஒரு வார்த்தை சொல்லாம ஓட்டையோடவே போட்டுக்கிட்டார்.

ஸ்வெட்டருக்கு சுத்தக் கம்பளி சரி. ஷூவுக்குள்ள உரசுற சாக்ஸுக்கு 75 சதவீதம் கம்பளி, 25 சதவீதம் நைலான்தான் தாங்கும். இது பால்ல தண்ணி கலக்குற கதை இல்லீங்க!

கைச்சாயத்துல சிட்டத்துக்கு சிட்டம் நிறம் மாறும். தேவையானதை மொத்தமா வாங்குங்க. பச்சைத் தண்ணியில தனியா அலசி, முறுக்காம துண்டுல சுருட்டி அமுக்கி, நிழல்ல உலர்த்துங்க. வெந்நீர்ல போட்டு அடிச்சுத் துவைச்சா சுருங்கிடும்.

இனி யாராவது 'சுத்தம்'னு ஆரம்பிச்சா, அந்தக் குதிகாலைத்தான் காட்டுவேன் :-)