எத்தனை ஜிபி காட் வாங்கலாம்?

சென்ற மாதக் கூட்டம் முடிந்து எல்லோரும் தேநீர் குடித்துக்கொண்டு நின்றபோது ஒரு தம்பி எங்களிடம் வந்தார். "அக்கா, புதுக் கமெரா வாங்கியிருக்கிறன். கோடைமுகாமுக்குக் கொண்டுபோகப் போறன். 512 ஜிபி காட் ஒண்டு ஒன்லைனில நல்ல மலிவா வருது. அதையே வாங்கிப்போட்டா ஒரு தொல்லையும் இல்லைத்தானே?"

"பொறுங்கோ தம்பி, வாங்கிப்போடாதேங்கோ. அடுத்த இதழில எழுதுறம்" என்று சொல்லி அனுப்பினோம். கமெரா வைத்திருக்கும் மற்றத் தம்பி தங்கையருக்கும் இது பயன்படும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம்.

முதலில் எங்கள் பிழையைச் சொல்லிவிடுகிறோம். மூன்று கோடைக்கு முன்னர், ஸ்காபுரோவில் ஒரு மண்டபத்தில் நடந்த திருமணப் பொன்விழாவுக்குப் படம் எடுக்க எங்களைக் கேட்டிருந்தார்கள். தெரிந்த குடும்பம். லண்டன், பாரிஸ், ஒஸ்லோ என்று சிதறியிருந்த சகோதரர்கள் ஆறு பேரும் பத்தொன்பது வருடங்களுக்குப் பிறகு அன்றுதான் ஒரே இடத்தில் நின்றார்கள். கமெராவில் 128 ஜிபி காட் ஒன்றைப் போட்டுக்கொண்டு போனோம். மாற்றுக் காட் கொண்டுபோகவில்லை. "இவ்வளவு பெரிய காட் எப்படி நிரம்பும்?" என்ற துணிவு. அது நிரம்பவும் இல்லை. ஐந்து மணித்தியாலமும் எல்லாவற்றையும் அதிலேயே எடுத்தோம்.

வீட்டுக்கு வர நள்ளிரவு தாண்டிவிட்டது. காலை ஏழு மணிக்கு வாட்டில் நிற்க வேண்டும். "பிறகு பார்ப்போம்" என்று பையை அப்படியே வைத்துவிட்டோம். இரண்டு நாள் கழித்துக் காட்டைக் கணினியில் போட்டால், அதைப் படிக்க முடியவில்லை என்று வந்தது. மீட்பு மென்பொருள் போட்டுப் பார்த்ததில் மூன்றில் இரண்டு பங்குப் படங்கள் திரும்பக் கிடைத்தன. ஆறு பேரும் ஒன்றாக நின்ற படம் அவற்றில் இல்லை.

அந்த மாரியில் லண்டனில் இருந்த மூத்த அக்கா காலமானார். குடும்பத்தவர்கள் எங்களுக்குத் தொலைபேசி எடுத்து, "அண்டைக்கு எல்லாரும் நிண்டு எடுத்த படத்தை அனுப்புவீங்களோ?" என்று கேட்டார்கள். ஏற்கெனவே சொல்லியிருந்தோம். ஆனாலும், எங்கேயாவது இருக்காதா என்ற ஆசையில் கேட்டார்கள். தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்த நிமிடம் எங்களுக்கு இன்னும் மறக்கவில்லை.

ஆகவே, காட் வாங்கும்போது "இதில் எத்தனை படம் பிடிக்கும்?" என்று மட்டும் கேட்காதீர்கள். "இந்த ஒரு காட் கெட்டுப்போனால் எத்தனை படத்தை இழப்பேன்?" என்றும் கேளுங்கள். இரண்டு கேள்விக்கும் பொருந்தும் அளவே உங்களுக்கு ஏற்ற அளவு.

முதல் கேள்விக்கு ஒரு சின்னக் கணக்குப் போதும். 24 மெகாபிக்சல் கமெராவில் நல்ல தரத்தில் எடுக்கும் ஒரு ஜேபெக் படம் ஏறத்தாழ 10 முதல் 12 எம்பி வரை வரும். 12 என்றே வைத்துக்கொண்டால், 32 ஜிபி காட்டில் சுமார் 2,600 படங்கள் பிடிக்கும். 64 ஜிபியில் 5,000க்கு மேல். றோ படமும் ஜேபெக்கும் சேர்த்து எடுப்பவர்களுக்கு ஒரு தடவை அழுத்த 40 எம்பி வரை போகலாம். அப்போது 64 ஜிபியில் ஏறத்தாழ 1,600தான். 64 ஜிபி காட்டைக் கணினி 59.6 என்று காட்டினால் பயப்பட வேண்டாம். காட்டைச் செய்பவர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள், கணினி 1,024 ஆக எண்ணுகிறது. அவ்வளவுதான்.

இடத்தை உண்மையில் விழுங்குவது வீடியோ. சாதாரண முழு எச்டி வீடியோ விநாடிக்கு 50 மெகாபிட் என்றால் நிமிடத்துக்கு 375 எம்பி. 4கே வீடியோ விநாடிக்கு 100 மெகாபிட் என்றால் நிமிடத்துக்கு 750 எம்பி, அதாவது ஒரு மணித்தியாலத்துக்கு 45 ஜிபி. நிகழ்ச்சி முழுவதையும் 4கேயில் எடுப்பவர்களுக்கு 128 ஜிபி தேவைதான். படம் மட்டும் எடுப்பவர்களுக்குத் தேவையில்லை.

இனி, உங்கள் கமெரா எதை ஏற்கும் என்று பாருங்கள். 32 ஜிபி வரையுள்ள காட்டுகள் எஸ்டிஎச்சி வகை. அதற்கு மேல் 2 டெராபைட் வரை எஸ்டிஎக்ஸ்சி வகை. இந்த இரண்டாவது வகை 2009இல்தான் அறிவிக்கப்பட்டது. மாமாவிடமிருந்து கைமாறி வந்த பழைய கமெரா என்றால் 64 ஜிபி காட்டை அது ஏற்காமல் விடலாம். கையேட்டில் ஒரு வரி பார்த்தால் போதும்.

வேகத்தையும் பாருங்கள். காட்டின் மேல் வி என்ற எழுத்தும் 30 என்ற எண்ணும் இருந்தால், விநாடிக்குக் குறைந்தது 30 எம்பி வேகத்தில் எழுதும் என்று பொருள். மேலே சொன்ன 4கே கணக்குக்கு விநாடிக்கு 12.5 எம்பி போதும் என்பதால் அது தாராளம். பெரிய எழுத்தில் 150, 200 என்று போட்டிருப்பது பெரும்பாலும் வாசிக்கும் வேகம். அதைப் பார்த்துக் கூடக் காசு கொடுக்க வேண்டாம்.

அடுத்தது அந்த "நல்ல மலிவு". போலிக் காட்டுகளின் வேலை இதுதான்: உள்ளே இருப்பது சிறிய அளவு, ஆனால் கமெராவுக்கு 512 என்று பொய் சொல்லும்படி அமைத்திருப்பார்கள். உண்மையான அளவு நிரம்பும்வரை எல்லாம் சரியாக நடக்கும். அதற்குப் பிறகு எடுக்கும் படங்கள் சேமித்ததுபோலக் காட்டும், திறந்தால் ஒன்றும் இராது. முகாமின் முதல் நாள் படங்கள் இருக்கும், கடைசி நாள் படங்கள் இராது. தெரிந்த கடையில் வாங்குங்கள். வாங்கியதும் எச்2டெஸ்ட்டபிள்யூ அல்லது எஃப்3 என்ற இலவச மென்பொருளால் காட்டை முழுவதும் நிரப்பிச் சோதியுங்கள். நேரம் எடுக்கும், இரவில் போட்டுவிட்டுப் படுக்கலாம்.

"அப்படியெண்டால் 16 ஜிபி காட் பத்து வாங்கினால் இன்னும் நல்லதோ?" என்று ஒரு தங்கை கேட்கக்கூடும். அதுவும் சரிவராது. கேக் வெட்டும் நேரத்தில் நாங்கள் காட் மாற்றிக்கொண்டு நிற்போம். சின்னக் காட்டுகள் சட்டைப்பையோடு சலவை இயந்திரத்துக்கும் போகும். இரண்டு, மிஞ்சினால் மூன்று. அதுவே கைக்கு அடக்கம்.

வாட்டில் வேலை முடிந்தாலும், அடுத்து வரும் தாதி நோயாளியின் விபரம் எல்லாவற்றையும் கேட்டுப் பொறுப்பேற்கும்வரை நாங்கள் வீட்டுக்குப் போக முடியாது. எவ்வளவு களைப்பு என்றாலும் அதுதான் ஒழுங்கு. அன்று அந்தக் காட்டை மட்டும் அப்படியே விட்டுவிட்டு வந்து படுத்தோம். இப்போது அதற்கும் அதே ஒழுங்கு வைத்திருக்கிறோம். படம் எடுத்த அன்றிரவே கணினியில் ஒரு பிரதி, வெளி ஹாட் டிஸ்கில் ஒரு பிரதி. இரண்டையும் திறந்து, படங்கள் தெரிகின்றனவா என்று பார்த்த பிறகுதான் காட்டைப் போர்மட் செய்வோம். அதையும் கணினியில் அல்ல, கமெராவிலேயே செய்வோம். கமெராவில் காட் போட இரண்டு இடம் இருந்தால், ஒரே படம் இரண்டிலும் பதியும்படி வைத்துவிடுவோம்.

தவறிப்போய் அழித்துவிட்டால் உடனே காட்டைக் கழற்றி வைத்துவிடுங்கள். மேலே புதிதாக ஒன்றும் எழுதாதவரை, ஃபோட்டோரெக் போன்ற இலவச மென்பொருளால் பெரும்பாலும் மீட்கலாம். "ஒரு படம் எடுத்துப் பார்ப்போம்" என்று தொடங்கினால் அந்த வாய்ப்பும் குறைந்துவிடும்.

இனித் தம்பிக்குப் பதில். முகாம் நான்கு நாள். நாளுக்கு 300 படம் என்றால் 1,200 படம், ஏறத்தாழ 14 ஜிபி. முழு எச்டியில் நாற்பது நிமிட வீடியோ எடுத்தாலும் அது 15 ஜிபி. எல்லாம் சேர்த்து 30க்குள் அடங்கும். ஆகவே 64 ஜிபி காட் இரண்டு வாங்குங்கள். முதலாம், மூன்றாம் நாட்களுக்கு ஒன்று, இரண்டாம், நான்காம் நாட்களுக்கு மற்றது. கமெராவில் இல்லாத காட்டை அதன் பெட்டியில் போட்டு வேறு பையில் வையுங்கள். ஒன்று கெட்டாலும் தொலைந்தாலும் பாதி முகாம் உங்கள் கையில் இருக்கும். யாராவது லப்டொப் கொண்டுவந்தால் ஒவ்வொரு இரவும் பிரதி எடுத்துவிடுங்கள்.

இன்னும் ஒன்று. முகாமின் முதல் நாளே எல்லோரையும் நிற்கவைத்து ஒரு குழுப்படம் எடுத்துவிடுங்கள். கடைசி நாளுக்கென்று விடாதீர்கள். காட் மாற்றிய பிறகு அதே படத்தை இன்னொரு தடவையும் எடுங்கள். "எத்தனை தரம் எடுப்பீங்கள்?" என்று சிலர் முணுமுணுப்பார்கள். பரவாயில்லை, சிரிக்கச் சொல்லி எடுங்கள்.