அலைகளைக் கேட்பதா, பார்ப்பதா?

நம் கழகத்தின் கணக்கில் இவ்வாண்டு 900 ரிங்கிட் மீதமிருக்கிறது. தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்காக நாம் நடத்தும் அறிவியல் முகாமுக்கு அப்பணத்தில் வானொலிக் கருவி வாங்குவது என்று செயலவையில் முடிவாகிவிட்டது. எந்தக் கருவி என்பதில்தான் இரண்டு கட்சி. இறுதியாண்டு அண்ணன் ஒருவர் ஸ்கேனர் வாங்க வேண்டும் என்கிறார். நான் மென்பொருள் வானொலி வேண்டும் என்கிறேன். கூட்டத்தில் எனக்கு மூன்று நிமிடம்தான் கிடைத்தது. சொல்லாமல் விட்டதை இந்த இதழில் எழுதுகிறேன்.

ஸ்கேனர் என்றதும் தாளைப் படமெடுக்கும் பெட்டி என்று எண்ணிவிடாதீர்கள். இது உள்ளங்கை அளவு வானொலி. நாம் பதிந்து வைத்த அலைவரிசைகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கும். எங்கே பேச்சு கேட்கிறதோ அங்கே நிற்கும். பேச்சு முடிந்ததும் மறுபடி நகரும். அண்ணன் வைத்திருக்கும் யூனிடன் பிசி125ஏடி 500 அலைவரிசைகளை நினைவில் வைத்துக்கொள்ளும். அதற்கு இரண்டு சிறிய பேட்டரி போதும்.

மென்பொருள் வானொலி என்பது கட்டைவிரல் பருமனுள்ள ஒரு யு.எஸ்.பி. குச்சி. அலையை வாங்கி எண்களாக்கிக் கணினிக்குத் தள்ளுவது மட்டுமே அதன் வேலை. மற்றதையெல்லாம் மென்பொருள் பார்த்துக்கொள்ளும். இதன் கதையும் சுவையானது. கணினியில் தொலைக்காட்சி பார்ப்பதற்காக விற்ற மலிவான குச்சிக்குள் ஆர்டிஎல்2832யு என்ற சில்லு இருந்தது. அதிலிருந்து பதப்படுத்தாத அலைத் தரவையே எடுக்க முடியும் என்பதை 2012-இல் ஆர்வலர்கள் கண்டறிந்து உலகத்துக்குச் சொன்னார்கள். அன்று முதல் மாணவன் கைக்கும் எட்டும் ஆய்வுக் கருவியாகிவிட்டது அது. இன்று அலைக்கம்பியோடு சேர்த்து 200 ரிங்கிட்டுக்குள் கிடைக்கிறது. நம் 900 ரிங்கிட்டுக்கு ஸ்கேனர் என்றால் ஒன்று, குச்சி என்றால் நான்கு வாங்கலாம்.

உண்மையை மறைக்கக் கூடாது. சென்ற ஆண்டு கிள்ளானில் ஒரு பள்ளியில் முதல் அரைமணி நேரம் என் கட்சி படுதோல்வி அடைந்தது. அண்ணன் பொத்தானை அழுத்தினார். சில நொடிகளில் அமெச்சூர் வானொலிக்காரர் ஒருவர் "செலாமாட் பாகி" என்று தம் நண்பரை அழைத்தார். பிள்ளைகள் கைதட்டினார்கள். நானோ பள்ளியின் மடிக்கணினியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். விண்டோஸ் அந்தக் குச்சியைத் தொலைக்காட்சிக் கருவி என்று பிடிவாதமாக நம்பியது. சாடிக் என்ற நிரலைக் கொண்டு அதன் இயக்கியை மாற்ற வேண்டும். அதற்குக் கடவுச்சொல் வேண்டும். கடவுச்சொல் தெரிந்த ஆசிரியர் அன்று விடுப்பு! நாற்பது நிமிடம் கழித்து வேறொரு கணினி கிடைத்தது.

அதற்குள் ஒரு மாணவி அண்ணனிடம், "மின்னல் எஃப்.எம். வைங்க அண்ணே" என்று கேட்டுவிட்டாள். அங்கேதான் ஸ்கேனர் தடுமாறியது. அந்தக் கருவி 54 மெகாஹெர்ட்சிலிருந்து 108-க்குத் தாவிவிடும். பண்பலை நிலையங்கள் எல்லாம் இருக்கும் 88 முதல் 108 வரையிலான பகுதி அதில் கிடையாது. வீட்டில் பாட்டி கேட்கும் வானொலியில் வருவது இவ்வளவு விலையுள்ள கருவியில் வராதா என்று அவள் முகம் சுருங்கியது.

பிறகு என் முறை. 96.3-க்குப் போனேன். திரையில் நிறங்கள் மேலிருந்து கீழே வழிந்தன. ஆங்கிலத்தில் இதை வாட்டர்ஃபால் என்பார்கள்; நாங்கள் அருவி என்றே சொன்னோம். இந்தக் குச்சி ஒரே சமயத்தில் 2.4 மெகாஹெர்ட்ஸ் அகலத்தைக் காட்டும். அதனால் 96.3-இல் மின்னலும் 96.7-இல் சினாரும் பக்கத்துப் பக்கத்தில் தெரிந்தன. "அக்கா, இந்தக் கோடு யாரு?" என்றான் நான்காம் ஆண்டுப் பையன் ஒருவன். மின்னல் என்றேன். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "பாட்டு வந்தா தடியாகுது, அறிவிப்பாளர் பேச்சை நிறுத்துனா மெலிஞ்சு போகுது" என்றான்.

பண்பலை என்றால் என்ன என்பதை நான் இடைநிலைப்பள்ளியில் மலாயில் படித்தேன், பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்தில் படித்தேன். ஒலிக்கேற்ப அலைவெண் விலகும், விலகல் கூடினால் அகலம் கூடும் என்று தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கினேன். அந்தப் பையன் ஒரு வரியும் படிக்காமல் அதைக் கண்ணால் பார்த்துத் தமிழில் சொல்லிவிட்டான். என் வாதத்தில் பாதி இதுதான். ஸ்கேனர் முடிவைத் தருகிறது. மென்பொருள் வானொலி அது எப்படி நடக்கிறது என்பதைக் காட்டுகிறது. பள்ளிக்கு எது வேண்டும்?

மறுபாதி, கருவியின் ஆயுள் பற்றியது. 2025-இன் தொடக்கத்தில் என் விடுதி மாடியில் நின்று நோவா-19 என்ற அமெரிக்க வானிலைக் கோளின் படத்தைப் பிடித்தேன். சுமத்திராவின் மேல் மேகம் திரண்டிருந்தது தெரிந்தது. அதே ஆண்டு ஜூனில் நோவா-18-ஐயும் ஆகஸ்டில் நோவா-19, நோவா-15 இரண்டையும் நிறுத்திவிட்டார்கள். அந்த ஒலிபரப்புக்காகவே ஒரு கருவியை வாங்கியிருந்தால் அதை இன்று அலமாரியில்தான் வைக்க வேண்டும். நானோ குச்சியை மாற்றவில்லை. மென்பொருளை மாற்றி, ரஷ்யாவின் மெட்டியோர் கோள்களுக்குப் போய்விட்டேன். அக்கோள்கள் இலக்க முறையில் படம் அனுப்புபவை. அண்ணனின் ஸ்கேனரில் அவை வெறும் இரைச்சல். கப்பல்கள் 161.975, 162.025 மெகாஹெர்ட்சில் அனுப்பும் அடையாளக் குறிப்புகளும் அப்படித்தான். ஸ்கேனரில் வெறும் கரகரப்பாகக் கேட்பது கணினியில் கிள்ளான் துறைமுகத்துக் கப்பல்களின் பெயராகவும் வேகமாகவும் மாறுகிறது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 2018-இல் யூனிடன் நிறுவனம் வெளியிட்ட எஸ்டிஎஸ்100 என்ற விலையுயர்ந்த ஸ்கேனரின் உள்ளே இருப்பதும் மென்பொருள் வானொலிதான்! அண்ணனிடம் இதைச் சொன்னேன். "அப்படியானால் ஸ்கேனர் வென்றது என்றுதானே பொருள்?" என்று சிரித்தார். விடாக்கண்டர்.

அவர் சொல்வதில் நான் மறுக்க முடியாத ஒன்றும் இருக்கிறது. 2021 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் தாமானில் இரண்டு நாள் மின்சாரம் இல்லை. மடிக்கணினி முதல் நாளே அணைந்தது, கைப்பேசி மறுநாள் காலையில். அப்பாவின் பேட்டரி வானொலி மட்டும் பேசிக்கொண்டிருந்தது. அந்த இரவில் எந்தக் குச்சியும் எனக்கு உதவியிருக்காது. ஒரு வேலைக்கென்று செய்த கருவிக்கு உள்ள நம்பகம் அது. கேட்கும் தரத்திலும் ஸ்கேனருக்குச் சில மேன்மைகள் உண்டு. என் மலிவுக் குச்சி அலையின் வலிமையை 256 படிகளில்தான் அளக்கிறது. பக்கத்தில் வலுவான நிலையம் ஒன்று இருந்தால் மெல்லிய அலைகள் மூழ்கிப் போகும். மலைமேல் நின்று தொலைதூரக் குரலைத் தேடுகிறவர்கள் தாராளமாக ஸ்கேனர் வாங்கட்டும்.

எந்தக் கருவி வந்தாலும் பிள்ளைகளிடம் ஒன்றை முதலில் சொல்லிவிட வேண்டும். 1998-ஆம் ஆண்டின் தொடர்பு, பல்லூடகச் சட்டம், 234-ஆம் பிரிவில் அதிகாரமின்றிப் பிறர் தகவல் தொடர்பை இடைமறிப்பதைக் குற்றமாக்குகிறது. சென்ற முகாமில் ஒரு பையன், "போலீஸ் பேசுறது கேக்குமா?" என்று கண்கள் மின்னக் கேட்டான். கேட்கக் கூடாது என்று அண்ணனும் நானும் ஒரே குரலில் சொன்னோம். அன்று முழுவதும் நாங்கள் ஒத்துப்போனது அந்த ஓரிடத்தில்தான்.

என் பரிந்துரை இதுதான். 900 ரிங்கிட்டில் நான்கு குச்சிகள் வாங்குவோம். மிஞ்சும் பணத்தில் அலைக்கம்பிக்குக் கம்பிவடம் வாங்கலாம். முகாமுக்கு ஒரு வாரம் முன்பே பள்ளிக்குப் போய், கடவுச்சொல்லோடு இருக்கும் ஆசிரியரைப் பார்த்து, இயக்கிகளை நிறுவிவிடுவோம். நான்கு குழுவுக்கு நான்கு திரை இருந்தால் ஒருவர் தோளுக்குப் பின்னால் பத்துப் பேர் எட்டிப் பார்க்க வேண்டியதில்லை. முகாமை ஸ்கேனரோடு அண்ணனே தொடங்கி வைக்கட்டும். அவர் பொத்தானை அழுத்தும் நேரத்தில் நான் கணினிகளைத் திறந்து வைத்துவிடுவேன்.

வாக்கெடுப்பு அடுத்த செயலவைக் கூட்டத்தில். அந்த நான்காம் ஆண்டுப் பையன் இப்போது ஐந்தாம் ஆண்டில் இருக்கிறான். இன்னும் ஈராண்டுக்குள் இடைநிலைப்பள்ளிக்குப் போய்விடுவான்.