சேரிக்கு எத்தனை கோடு?



மனோகர் தேவதாஸின் மதுரைப் படங்கள் உள்ள புத்தகத்தை மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வங்கி மேசையில் விரித்து வைத்திருந்தேன். பக்கத்துக் கவுண்டர்க்காரர் எட்டிப் பார்த்து, "போட்டோவா சார்?" என்றார். இல்லை, வெறும் பேனாவும் கறுப்பு மையும்தான். கோபுரம், நாயக்கர் மகால், யானைமலை, வைகை. கல்லும் சன்னலும் மயிரிழைக் கோடுகளாய் நிற்கின்றன.

1936இல் மதுரையில் பிறந்து 2022 டிசம்பரில் சென்னையில் மறைந்தவர். விழித்திரை நோயால் பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டே வந்தபோதும், குழாய்க்குள் பார்ப்பதுபோலத் துண்டு துண்டாய்ப் பார்த்து வரைந்தார். (லெட்ஜர் கூட்டலுக்கே கண் வலிக்குதுன்னு முனகுகிற என்னைப் போன்றவர்களுக்கு இது உறைக்கணும்.)

அந்த மரியாதையோடுதான் என் சண்டையைச் சொல்கிறேன். கோபுரத்தைத் தூரத்தில் நின்று பார்ப்பதை ஓவியத்தில் கோணம் என்கிறார்கள். எங்க தாத்தாமாருக்கு அந்தத் தூரத்தை அளந்து கொடுத்தது சாதி. மீனாட்சி கோவிலுக்குள் கக்கன் உள்ளிட்ட நம்மவர்கள் வைத்தியநாத அய்யரோடு நுழைந்தது 1939 ஜூலை 8இல்தான். அன்று தேவதாஸ் மூன்று வயதுகூட நிறையாத குழந்தை. ஒரு மனிதரின் ஆயுளுக்குள் அடங்குகிற வரலாறு இது. 'பாரம்பரியக் கட்டடம்' என்று வாய் நிறையச் சொல்கிறவர்கள் இதை மட்டும் விட்டுவிடுகிறார்கள்.

நான் பார்த்த பக்கங்களில் சேரி இல்லை. அதற்கு அவரைக் குற்றம் சொல்லி என்ன ஆகப்போகுது? அவர் தன் பால்யத்து மதுரையை வரைந்தார். நம் பால்யத்தை யார் வரைவது? கவிதை எழுதுகிற நானே 'குடிசை' என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிட்டுப் போகிறேன். அந்தக் குடிசைக்கு வாசல் எந்தப் பக்கம், எத்தனை படி, குனிந்து நுழையணுமா என்று ஒரு வரி எழுதியதில்லை.

கடையநல்லூரில் எங்க தெருவையே எடுத்துக்கொள்ளுங்கள். தொகுப்பு வீடுகளின் ஒழுகுகிற தளத்தின் மேல் தார்ப்பாய், அது பறக்காமலிருக்க உடைந்த ஆட்டுக்கல். ஊர்த் தெருவின் சாக்கடை வந்து முடிகிற இடம். குழாயடியில் குடங்களின் வரிசை. பின்னால் மேற்கு மலை, யாரும் ஒதுக்கி வைக்க முடியாத ஒரே அழகு. இதுவும் கட்டடக் கலைதான். நம் கொத்தனார்கள் பகலில் ஊரான் மாடியைக் கட்டிவிட்டு, சாயங்காலம் மிச்சம் மீதியில் எழுப்பிய சுவர்கள் இவை.

அடுத்த இதழின் அட்டைக்கு மாணவத் தோழர்கள் தங்கள் தெருவை வரைந்து அனுப்புங்கள். கோடு கோணலானால் பரவாயில்லை. கறுப்பு மையில் இருக்கட்டும், கலர் அச்சுக்கு நம்மிடம் காசில்லை.