முதலில் வீடு, பிறகு ஓடுதளம்!

பரளச்சியில் பஸ் ஏறி, அருப்புக்கோட்டையில் மாறி மதுரைக்குப் போகிறவர்களுக்கு அது பழகிப்போன காட்சி. காரியாபட்டி தாண்டி பெருங்குடியை நெருங்கும்போது விமானம் தாழ்ந்து இறங்கும். பஸ்ஸில் இருக்கும் குழந்தைகள் "அதோ ப்ளேன்!" என்று கத்தும்.

அந்த விமான நிலையம் பயணிகளுக்காகப் பிறந்தது அல்ல. சண்டைக்காகப் பிறந்தது!

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பான்காரன் கையில் விழுந்தது. மார்ச்சில் ரங்கூன் போனது. பர்மாவுக்குப் பிழைக்கப் போன நம் சீமைக்காரர்கள் காட்டு வழியே நடந்து திரும்பினார்கள். வழியிலேயே செத்தவர்கள் எத்தனையோ பேர். ஏப்ரல் 5ல் கொழும்பில் குண்டு. மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு. மெட்ராஸ் ஜனங்கள் மூட்டை முடிச்சோடு வெளியூருக்கு ஓடினார்கள்.

வெள்ளைக்கார சர்க்கார் விழித்துக்கொண்டது. சூலூர், தஞ்சாவூர், சோழவரம், உளுந்தூர்பேட்டை, கயத்தாறு என்று தமிழ்நாட்டில் பல இடங்களில் போர்க்கால விமானத் தளங்கள் இருந்தன. மதுரையும் அதில் ஒன்று. 1942ல் பிரிட்டிஷ் விமானப்படை அதைப் பயன்படுத்தியது.

1945ல் சண்டை ஓய்ந்தது. ஒவ்வொரு தளத்துக்கும் ஒவ்வொரு தலையெழுத்து! சோழவரத்தில் பல வருஷம் கார் பந்தயம் நடந்தது. சூலூரும் தஞ்சாவூரும் நம் விமானப்படைக்குப் போயின. உளுந்தூர்பேட்டையில் பழைய ஓடுதளம்தான் மிச்சம்.

மதுரைக்கு அதிர்ஷ்டம் அடித்தது. பயணிகள் விமானம் வந்தது. 2010ல் புது முனையம் திறந்தார்கள். 2012ல் வெளிநாட்டு விமானம் கிளம்பியது. எந்த ஊருக்குத் தெரியுமா? கொழும்புக்கு!

இப்போது 7,500 அடி ஓடுதளம் போதவில்லை. பெரிய விமானம் இறங்க 12,500 அடி வேண்டும் என்கிறார்கள். அதற்காக அயன்பாப்பாகுடி, குசவன்குண்டு, பெருங்குடி என்று சுற்றுவட்டாரத்தில் 600 ஏக்கருக்கு மேல் நிலம் எடுக்கும் வேலை 2009ல் தொடங்கியது.

2024 நவம்பரில் சின்ன உடைப்பு கிராமத்தில் வீடுகளைக் காலி செய்யச் சொன்னபோது ஜனங்கள் நகர மறுத்தார்கள். நாள் கணக்கில் போராட்டம். வழக்கு ஐகோர்ட்டு மதுரைக் கிளை வரை போனது. அவர்கள் விமானம் வேண்டாம் என்று சொல்லவில்லை. "குடியிருக்க மாற்று இடம் கொடுத்துவிட்டு எங்க இடத்தை எடுங்க" என்றுதான் கேட்டார்கள்.

இதில் என்ன தப்பு?

சண்டைக் காலத்தில் நிலத்தை உடனே எடுக்க வெள்ளைக்காரனுக்கு 1939ம் வருஷத்து இந்தியப் பாதுகாப்புச் சட்டம் கை கொடுத்தது. தலைக்கு மேல் குண்டு விழும் நேரம். அவசரம் என்றான். இன்று என்ன அவசரம்? எந்த எதிரி வருகிறான்?

2013ல் நாம் போட்ட மத்தியச் சட்டத்தின் பெயரிலேயே மறுவாழ்வும் மறுகுடியமர்வும் இருக்கிறது. பெயரில் இருந்தால் போதுமா? ஊரில் இருக்க வேண்டாமா?

மதுரை விமான நிலையம் வளரட்டும். நம்ம ஊர்ப் பையன் வளைகுடா வேலைக்குப் போக வேறு ஊருக்கு அலைய வேண்டாம். அருப்புக்கோட்டை வியாபாரிக்கும் அது நல்லது. ஆனால் அந்த நன்மைக்கு விலை கொடுப்பது சின்ன உடைப்புக்காரர்கள் மட்டும் என்றால், அது நியாயம் இல்லை.

நிலம் கைவிட்டுப் போனால் என்ன ஆகும் என்று மானாவாரி பூமியில் பிறந்த நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அதிகாரிகளே! முதலில் வீட்டைக் கட்டிச் சாவியைக் கொடுங்கள். பிறகு ஓடுதளத்தை நீட்டுங்கள். ஜனங்களே வழிவிடுவார்கள்!