எழுத்தை இழுத்தல் இழுக்கு



வகுப்பறைச் சுவரில் விழும் படத்தின் வடிவத்தைக் கவனிக்க வேண்டியவர் யார்? கணினிப் பொறுப்பாசிரியர் என்று சொல்லிவிட்டு நாம் நகர்ந்துவிடுகிறோம். அது தமிழாசிரியரின் பொறுப்பு என்பதே என் கருத்து. படம் அகன்றால் நடிகரின் முகம் சற்றுப் பருத்துத் தெரியும். அதனால் பெருங்கேடு இல்லை. எழுத்து அகன்றாலோ, முதலாம் ஆண்டு மாணவன் பிழையான வடிவத்தை மனத்தில் பதித்துக்கொள்கிறான்.

நம் நாட்டில் 1963இல் தொலைக்காட்சி தொடங்கியபோது திரையின் அகலமும் உயரமும் 4க்கு 3 என்ற விகிதத்தில் இருந்தன. பல பத்தாண்டுகள் அதே அளவுதான். பின்னர் வந்த அகலத்திரையின் விகிதம் 16க்கு 9. பழைய படத்தை அகலத்திரை முழுவதும் நிரப்பினால், அது பக்கவாட்டில் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக இழுபடும். தீபகற்ப மலேசியாவில் அனலாக் ஒளிபரப்பு 2019 அக்டோபரில் நின்றுவிட்டது. ஆயினும், பிரிக்பீல்ட்சிலும் கிள்ளானிலும் எத்தனையோ வீட்டுக் கூடங்களில் பழைய தமிழ்ப்படங்கள் இன்றும் இழுபட்டே ஓடுகின்றன. "கறுப்புப் பட்டை தெரிந்தால் திரை வீணாகிறது" என்பதே பலரின் எண்ணம்.

இவ்வெண்ணத்தை மாற்ற, இன்று அருகிப்போன ஒரு கருவியை நினைவூட்ட விரும்புகிறேன். வீட்டிலேயே திரையரங்கு அமைக்க விரும்பியோர் ஒரு காலத்தில் வாங்கியது, சிஆர்டி எனப்படும் எதிர்மின்கதிர்க் குழாய்களைக் கொண்ட படவீழ்த்தி. சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று குழாய்கள், மூன்று வில்லைகள். ஓர் ஆள் தனியே தூக்க முடியாத எடை. மூன்று நிறப் படங்களும் சுவரில் ஒன்றன்மேல் ஒன்று பிசகாமல் பொருந்தினால்தான் கோடு கோடாகத் தெரியும். அதைப் பொருத்துவதற்கே மணிக்கணக்கில் உழைக்க வேண்டும்.

அக்குழாய்களின் உட்புறத்தில் பாஸ்பர் பூச்சு உண்டு. மின்னணுக் கற்றை படப் படப் பூச்சு தேயும். ஒரே இடத்தில் நெடுநேரம் ஒளிவீசினால் அவ்விடம் மட்டும் விரைந்து தேய்ந்து, தொலைக்காட்சி நிலையத்தின் சின்னம்கூட நிலையான தழும்பாகிவிடும். 4க்கு 3 அளவுள்ள பரப்பில் அகலப்படத்தையே நாளும் காட்டினால் நடுப்பகுதி மட்டும் தேயும். பிறகு முழுப்படம் காட்டும்போது மேலும் கீழும் இரு பட்டைகள் பளிச்சென்று தெரியும். ஆகவே, அக்கருவியை வைத்திருந்தோர் எந்த விகிதத்தில் எவ்வளவு நேரம் காட்டுகிறோம் என்று கணக்கிட்டார்கள். தவறு செய்தால் கருவியே அதைக் காட்டிக்கொடுத்தது.

இன்றைய கருவிகள் அப்படிக் காட்டிக்கொடுப்பதில்லை. 2003இல் அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் திட்டம் வந்தபோது, தமிழ்ப்பள்ளிகளுக்கும் மடிக்கணினியும் எல்சிடி படவீழ்த்தியும் வந்து சேர்ந்தன. அத்திட்டத்தைக் கைவிடும் முடிவு 2009இல் அறிவிக்கப்பட்டது. கொள்கை போயிற்று, சுவரில் படங்காட்டிக் கற்பிக்கும் பழக்கம் தங்கிற்று. 4க்கு 3 படவீழ்த்தியோடு அகலத்திரை மடிக்கணினியை இணைத்து, படத்தைத் திரை முழுக்க நிரப்பினால், அகலம் கால் பங்கு நசுங்கும். வட்டம் முட்டையாகும், சதுரம் சதுரமாக இராது. கணித ஆசிரியர் "நான்கு பக்கங்களும் சமம்" என்று சொல்லும்போது, சுவர் "இல்லை" என்று சொல்லிக்கொண்டிருக்கும்.

அடுத்தது பிரிதிறன். ஆங்கில எழுத்து இருபத்தாறும் எளிய கோடுகள். தமிழ் அப்படியன்று. மூன்று சுழி ணகரமும் இரண்டு சுழி னகரமும் ஒரு சுழியால் வேறுபடுகின்றன. 'மணம்' 'மனம்' ஆவதும் அதனால்தான். ஒற்றைக் கொம்பா இரட்டைக் கொம்பா என்பதில் 'கொடு' 'கோடு' ஆகிறது. மேல்விலங்கின் சிறு சுழியில் 'விடு' 'வீடு' ஆகிறது.

ஒரு கணக்குப் பார்ப்போம். 1024க்கு 768 படப்புள்ளிகள் கொண்ட படவீழ்த்தியில் பாடநூலின் ஒரு முழுப்பக்கத்தைக் காட்டுகிறோம் என்று கொள்வோம். பக்கத்தில் முப்பது வரிகள் இருந்தால் ஒரு வரிக்குக் கிடைப்பவை ஏறக்குறைய 25 புள்ளிகள். வரி இடைவெளியும் மேல்விலங்கு, கீழ்விலங்குகளுக்கான இடமும் போக, எழுத்தின் உடலுக்கு எஞ்சுபவை பத்துப் பன்னிரண்டே. அதற்குள் மூன்று சுழிகளும் எப்படி அடங்கும்? மெய்யெழுத்தின் புள்ளி ஓரிரு புள்ளிகளாகச் சுருங்கிக் கடைசி வரிசைக்கு எட்டாமலே போகும். ஓலைச்சுவடியில் புள்ளியிடாமல் எழுதியதால் உ.வே.சாமிநாதையர் போன்ற பதிப்பாசிரியர்கள் பட்ட பாடு நமக்குத் தெரியும். அச்சு வந்து தெளிந்த எழுத்தைச் சுவரில் மீண்டும் மங்கச் செய்யலாமா?

குழாய்க் கருவியில் நிலையான புள்ளிகள் இல்லை. வரும் படத்திற்கேற்பக் கற்றை வரி வரைந்துகொள்ளும். எல்சிடியிலோ புள்ளிகளின் எண்ணிக்கை மாறாதது. கணினி வேறு எண்ணிக்கையில் அனுப்பினால், கருவி அதைக் கூட்டியோ குறைத்தோ ஒப்பேற்றும். எழுத்தின் ஓரம் கலங்கும்.

தேய்மானமும் ஒழிந்துவிடவில்லை. இன்று விளக்குதான் தேய்கிறது. ஒளி நாள்தோறும் சிறிது சிறிதாகக் குறைவதால் ஆசிரியருக்குத் தெரிவதில்லை. பின்வரிசை மாணவன் கண்ணைச் சுருக்குகிறான். நாமோ அவனைக் கவனமற்றவன் என்கிறோம்.

செய்ய வேண்டியவை கடினமல்ல:

1. கணினியில் ஒரு வட்டம் வரைந்து, சுவரில் விழும் வட்டத்தின் அகலத்தையும் உயரத்தையும் அளவுகோலால் அளந்து பாருங்கள். அளவுகள் ஒவ்வாவிட்டால் பட விகித அமைப்பைத் திருத்துங்கள். கறுப்புப் பட்டை குறையன்று.

2. படவீழ்த்தியின் இயல்பான பிரிதிறன் எதுவோ, அதையே கணினியிலும் அமையுங்கள்.

3. கருவியைச் சுவருக்கு நேராக வையுங்கள். சாய்த்து வைத்துவிட்டுக் கோணலைப் பொத்தானால் சரிசெய்தால், புள்ளிகள் வீணாகும்.

4. ஒரு திரைக்கு எட்டு வரிகளுக்கு மேல் வேண்டா. முழுப்பக்கத்தைப் படிக்கப் பாடநூல் இருக்கிறது.

5. விளக்கு எரிந்த மணிநேரத்தைக் கருவியின் பட்டியலில் பார்த்துக் குறித்து வையுங்கள். தூசுவடிகட்டியைத் தூய்மை செய்யுங்கள்.

பெற்றோர் ஆசிரியர் சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். ரிங்கிட் ரிங்கிட்டாகத் திரட்டிய நிதியில் படவீழ்த்தி வாங்கும்போது, "எத்தனை அங்குலம் வரும்?" என்று மட்டும் கேட்காதீர்கள். மலிவான கருவிகளின் பெட்டியில் 1080 என்று பெரிதாக அச்சிட்டிருக்கும். அது உள்வாங்கக்கூடிய அளவாக மட்டும் இருக்கலாம். உள்ளே இருக்கும் புள்ளிகள் அதைவிடக் குறைவாகவும் இருக்கலாம். இயல்பான பிரிதிறன் என்ன, மாற்று விளக்கின் விலை என்ன என்னும் இரண்டையும் கேட்டுத் தெளிந்த பிறகே பணத்தைக் கொடுங்கள். வாங்குவதற்கு முன் தமிழ்ப் பாடநூலின் ஒரு பக்கத்தைக் காட்டச் சொல்லி, அறையின் கடைசியில் நின்று படித்துப் பாருங்கள். ணகரத்தின் மூன்று சுழிகளும் தெரிந்தால் வாங்குங்கள். தெரியாவிட்டால், எத்தனை அங்குலம் இருந்தாலும் அது தமிழ் வகுப்புக்கு ஆகாது.

குழந்தையின் குறிப்பேட்டில் ஒரு கொம்பு தவறினால் சிவப்பு மையால் வட்டமிடுகிறோம். நம் சுவரில் ஓர் எழுத்துத் தவறலாமா? சிந்திப்போம், அளந்து பார்ப்போம், திருத்துவோம்.