கழுத்துக்கு உண்டு, கல்லூரிக்கு இல்லை

பாகூர் கொம்யூனில் இரண்டு மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. ஒன்று பிள்ளையார்குப்பத்தில், இன்னொன்று கிருமாம்பாக்கத்தில். வில்லியனூர் கொம்யூனிலும் இரண்டு. அரியூரில் ஒன்று, ஊசுட்டேரிப் பக்கம் ஒன்று. நான்குமே தனியாருடையவை. நாங்கள் நாற்று நட்ட மண்ணுக்குப் பக்கத்தில் எழுந்தவை.

நோயாளி இல்லாமல் மருத்துவக் கல்லூரி நடத்த முடியாது. அந்தக் கட்டில்களில் படுத்திருப்பவர்கள் எங்கள் அம்மாக்கள். அவர்களுடைய ரத்தசோகையையும் கர்ப்பப்பை இறக்கத்தையும் பார்த்துப் பார்த்துத்தான் எங்கிருந்தோ வந்த பிள்ளைகள் டாக்டர் ஆகிறார்கள். அம்மா பாடப்புத்தகமாக இருக்கலாம், மகள் மாட்டும் மாணவியாகக் கூடாதா?

"நல்லாப் படிச்சா யாரு வேணாம்னாங்க?" என்பார்கள். நான் நல்லாப் படித்தேன். 2018-இல் நீட் எழுதினேன். அப்போது ஜிப்மருக்குத் தனி நுழைவுத் தேர்வு, அதையும் எழுதினேன். கொஞ்சத்தில் போனது. இன்னும் ஒரு வருடம் கொடுங்கள், எழுதிவிடுகிறேன் என்று அப்பாவிடம் கேட்டேன். "பொம்பளப் புள்ளைய ஒரு வருஷம் சும்மா வீட்டுல வெச்சிருந்தா ஊரு என்ன பேசும்? வயசு ஏறிக்கிட்டே போவுது" என்றார். எனக்கு அப்போது வயது பதினேழு.

மூன்று வருடம் கழித்து என் தம்பி எழுதினான். அவனுக்கும் கிடைக்கவில்லை. அவனை ஒரு பயிற்சி மையத்தில் விடுதியோடு சேர்த்து, ஒன்றுக்கு இரண்டு வருடம் படிக்க வைத்தார்கள். ஆண்பிள்ளை வீட்டில் இருந்தால் அது 'முயற்சி'. பெண்பிள்ளை இருந்தால் 'சும்மா'. தம்பி மேல் எனக்குக் கோபமில்லை. அவனுக்குக் கிடைத்த இரண்டு வருடத்தில் ஒன்று என்னுடையது என்பதை மட்டும் எழுதி வைக்கிறேன்.

நீட் வேண்டாம் என்பவள்தான் நானும். 2017-இல் அனிதாவை இழந்த பிறகு வேறெப்படிச் சொல்ல முடியும்? ஆனால் இந்தத் தேர்வு பெண்ணை எந்த இடத்தில் அடிக்கிறது என்று நாம் போதுமான அளவு பேசவில்லை. நீட் வந்த பிறகு தமிழ்நாட்டில் முதல் முறையிலேயே இடம் பிடிப்பவர்கள் குறைந்துபோனதையும், மறுமுறை எழுதி நுழைபவர்கள் பெருகியதையும் நீதிபதி ஏ.கே.ராஜன் குழு 2021-இல் வெளிக்கொண்டுவந்தது. அப்படியென்றால் இது இரண்டாவது வருடத்தின் தேர்வு. எந்த வீடு மகளுக்கு இரண்டாவது வருடத்தைக் கொடுக்கிறது?

சரி, மதிப்பெண் வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அடுத்து 'எந்தக் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கலாம்?' என்று கேட்கிறார்கள். அந்தச் சொல்லைக் கேட்டால் எனக்குச் சிரிப்பு வரும். கட்டணம்தான் நம்மைத் தேர்ந்தெடுக்கிறது. ஜிப்மரிலும் கதிர்காமம் அரசு மருத்துவக் கல்லூரியிலும் கிடைத்தால் பிழைத்தோம். அடுத்தது, சென்டாக் வழியாக நிரப்பப்படும் தனியார் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீடு. அதில் கட்டணக் குழு வைத்த தொகையே லட்சங்களில் இருக்கும். அதற்கும் மேலே நிர்வாக ஒதுக்கீடு.

நிகர்நிலைப் பல்கலைக்கழகம் என்பது இன்னொரு உலகம். அதன் எம்.பி.பி.எஸ். இடங்கள் எல்லாம் தில்லியிலிருந்து நடக்கும் மத்தியக் கலந்தாய்வில் போய்விடும். சென்டாக்குக்கு அங்கே வேலையில்லை. பாகூர் கொம்யூனில் இருக்கும் இரண்டும் நிகர்நிலைதான். அதாவது, எங்கள் வீட்டு வாசலில் நிற்கும் கல்லூரியில் எங்கள் மண்ணுக்கென்று ஓர் அரசு இடம்கூடக் கிடையாது. தனியார், நிகர்நிலைக் கல்லூரிகளின் பாதி இடங்களுக்கு அரசுக் கல்லூரிக் கட்டணமே வாங்க வேண்டும் என்று 2022 பிப்ரவரியில் தேசிய மருத்துவ ஆணையம் சொன்னது. கல்லூரிகள் நீதிமன்றத்துக்குப் போயின. எங்கள் அம்மாக்கள் நூறு நாள் வேலைக்குப் போனார்கள். நூறு நாளும் முழுதாகக் கிடைத்தால் 2025-ஆம் ஆண்டுக் கூலிக் கணக்கில் 33,600 ரூபாய்.

இதே பாகூரில் ஒன்பதாம் நூற்றாண்டில் ஒரு கல்லூரி இருந்தது. பல்லவன் நிருபதுங்கவர்மன் காலத்துச் செப்பேடு அதைச் சொல்கிறது. அந்த வித்தியாஸ்தானத்துக்கு மூன்று ஊர்களின் வருவாயை எழுதி வைத்தார்கள். படிக்க வந்தவர் சோற்றுக்கும் துணிக்கும் அலையக் கூடாது, முதலில் பணம், பிறகு படிப்பு என்பது அப்போதே தெரிந்திருக்கிறது. ஆனால் அந்தப் பணம் வேதம் ஓதிய ஆண்களுக்கு. அந்த ஊர்களில் உழுதவர்களுக்கும் நட்டவர்களுக்கும் இல்லை. ஆயிரத்து நூறு வருடம் கழித்து, நட்டவளின் மகள் விண்ணப்பம் போடும்போது மட்டும் முறை தலைகீழாகிறது: முதலில் கட்டு, பிறகு தருகிறோம்.

இன்று நான் உயிரியல் ஆசிரியை. இரண்டு வருடத்துக்கு முன் என் மாணவி ஒருத்திக்கு ஒரு தனியார் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தது. சில நாட்களுக்குள் பணம் கட்ட வேண்டும். உதவித்தொகை வரும், ஆனால் பிறகு வரும். அவளுடைய அம்மா வங்கிக்குப் போனார். "அப்பா வரலையா?" என்பதுதான் அங்கே முதல் கேள்வி. அம்மாவும் கூட்டுக் கடன்தாரராகக் கையெழுத்துப் போடலாம் என்று நான் கூடப் போய்ச் சொல்ல வேண்டியிருந்தது. அடுத்து ஈடு கேட்டார்கள். நிலம் தாத்தா பெயரில், கூட்டுப் பட்டா. பெண்ணுக்கும் சொத்தில் சமபங்கு என்று 2005-இல் சட்டம் திருத்தியாயிற்று. ஆனால் அந்த அம்மா தன் பிறந்த வீட்டுப் பங்கை அண்ணன்களுக்கு விட்டு எழுதிக் கொடுத்திருந்தார். அந்தக் காகிதத்துக்குப் பெயர் விடுதலைப் பத்திரம். யாருக்கு விடுதலை?

கல்விக் கடனில் பெண்களுக்குப் பல வங்கிகள் வட்டியில் அரை சதவீதம் குறைக்கின்றன. பெண்ணின் கையில் ஒரு சென்ட் நிலம் தங்கவிடாத சமூகம் வட்டியில் அரை சதவீதம் தள்ளுபடி தருகிறது!

அந்த வீட்டில் பணம் இல்லாமல் இல்லை. பதினைந்து பவுன் இருந்தது. அவள் பிறந்ததிலிருந்து சீட்டுக் கட்டிச் சேர்த்தது. "அத வித்துப் படிக்க வெச்சா, நாளைக்கு எதப் போட்டுக் கட்டிக் குடுக்குறது?" என்றார் அப்பா. கேளுங்கள் தோழிகளே, அவள் கழுத்துக்கு லட்சக்கணக்கில் இருக்கிறது, கல்லூரிக்கு இல்லை. நகையாகப் போனால் அது அடுத்த வீட்டுக்குப் போகும் பணம். படிப்பாகப் போனால் அவளோடே இருக்கும் பணம். அதுதான் பயமா?

கடைசி நாளில் அந்த அம்மா யாரிடமும் கேட்காமல் நகையை அடகு வைத்தார். மகள் இன்று இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். வீட்டில் ஆறு மாதம் யாரும் அந்த அம்மாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இதைத் 'தாயின் தியாகம்' என்று மேடையில் கைதட்டிவிட்டுப் போகாதீர்கள். ஒரு மருத்துவ இடம் ஒரு அம்மாவின் துணிச்சலில் தொங்கக் கூடாது. அந்தத் துணிச்சல் இல்லாத வீடுகளிலும் நன்றாகப் படிக்கிற பெண்கள் இருக்கிறார்கள்.

2023-இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் புதுச்சேரியில் மருத்துவத்தில் 10 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது. போராடி வாங்கியது, அதை மதிக்கிறேன். ஆனால் இடம் மட்டும் போதாது. உதவித்தொகை மாணவியின் பெயரில், சேர்க்கை நாளுக்கு முன்பே கல்லூரிக்குப் போய்ச் சேர வேண்டும். மறுமுறை எழுதும் பெண்களுக்குக் கொம்யூன்தோறும் அரசே விடுதியோடு பயிற்சி தர வேண்டும். எங்கள் நோயாளிகளை வைத்து நடக்கும் நிகர்நிலைக் கல்லூரிகள் எங்கள் பிள்ளைகளுக்கு அரசுக் கட்டணத்தில் இடம் தர வேண்டும்.

அதுவரை, பதினொன்றாம் வகுப்பிலேயே வருமானம், சாதி, குடியிருப்புச் சான்றிதழ்களை வாங்கி வையுங்கள். கல்விக் கடனுக்கு நான்கு லட்சம் வரை ஈடு தேவையில்லை. ஏழரை லட்சம் வரை ஒன்றிய அரசின் உத்தரவாதத் திட்டம் உண்டு. வங்கியில் ஈடு கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

அம்மாக்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் மகளுக்குச் சேர்த்த பவுனை இன்றிரவு எடுத்து எண்ணிப் பாருங்கள். அது அவளுக்குச் சேர்த்ததுதானே? அப்படியானால், அதை என்ன செய்வது என்று அவளிடமே கேளுங்கள்.