பக்கம் சமமானால் போதுமா?

ஒழுங்கு பலகோணம் என்றால் என்ன என்று வகுப்பில் கேட்டால், "எல்லாப் பக்கங்களும் சமமாக இருப்பது" என்று பாதி விடை கூறி அமர்ந்துவிடுவோர் பலர். கோணங்களும் சமமாக இருக்க வேண்டும் என்ற மறுபாதி, தேர்வுக்காக ஒட்டவைத்த வால் போலவே கருதப்படுகிறது. இதற்குக் காரணம் முக்கோணமே என்பது எங்கள் கருத்து. மூன்று பக்கங்களைச் சமமாக வரைந்துவிட்டால் கோணங்கள் தாமாகவே 60 பாகையாகிவிடுகின்றன. முதல் உதாரணமே இரண்டாவது நிபந்தனையை மறைத்துவிட்டால் மாணவி என்ன செய்வாள்?

நான்கு பக்கங்களுக்கு வந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். சாய்சதுரத்தில் பக்கங்கள் சமம், கோணங்கள் சமமல்ல. செவ்வகத்தில் கோணங்கள் சமம், பக்கங்கள் சமமல்ல. இரண்டும் பொருந்துவது சதுரத்திற்கே.

ஆயினும் இதைக் கரும்பலகையைவிடக் கல்தூணில் காண்பது நன்று. காஞ்சிபுரத்திற்கு அருகிலுள்ள மாமண்டூர்க் குடைவரைகளில் 7-ஆம் நூற்றாண்டுப் பல்லவர் தூண்கள் உள்ளன. மேலும் கீழும் சதுரம், நடுவில் எட்டுப்பட்டை. சதுரத்தின் நான்கு மூலைகளையும் சீவினால் எட்டுப்பட்டை வந்துவிடும். ஆனால் எவ்வளவு சீவுவது? 24 அங்குலப் பக்கத்தை எட்டு எட்டாகப் பங்கிட்டு மூலைகளை வெட்டினால், எட்டுக் கோணங்களும் 135 பாகை. குறை சொல்ல முடியாது. பக்கங்களோ, நான்கு 8 அங்குலம், மற்ற நான்கு 11 அங்குலத்திற்கும் மேல்! அது ஒழுங்கு எண்கோணம் அன்று. 7, 10, 7 எனப் பிரித்தால் வெட்டிய பக்கம் ஏறக்குறைய 9.9 அங்குலம், கண்ணுக்கு வேறுபாடு தெரியாது.

அளவுகோல் இல்லாமலும் செய்யலாம். மூலையிலிருந்து சதுரத்தின் நடுப்புள்ளி வரை கயிறு பிடித்து, அந்த நீளத்தை அதே மூலையிலிருந்து இரு பக்கங்களிலும் குறித்துக்கொள்ள வேண்டும். நான்கு மூலைகளிலும் இவ்வாறு செய்தால் எட்டுப் புள்ளிகள் கிடைக்கும். பித்தாகரஸ் தேற்றம் படித்த நாம், இது ஏன் சரி என்று நிறுவிவிடலாமே!

"பெண்பிள்ளைகளுக்கு எதற்கு இந்த வடிவ கணிதம்?" என்போர் இன்றும் உளர். அவர்கள் வாசலில் தினமும் நட்சத்திரக் கோலம் போடுவது யாராம்?

கீழ்வகுப்புத் தங்கையருக்கு முதலில் சாய்சதுரத்தையும் செவ்வகத்தையும் காட்டிவிட்டு, முக்கோணத்தைக் கடைசியில் நடத்துமாறு ஆசிரியைகளை வேண்டுகிறோம். அடுத்த சுற்றுலாவை மாமண்டூருக்கே வைத்தால் இன்னும் மகிழ்வோம். அங்குள்ள எட்டுப் பட்டைகளும் ஒரே அளவா, இரண்டு அளவா என்று பார்க்க, அளவுநாடா நாங்கள் கொண்டுவருகிறோம்.